சாய்ந்த எழுத்தின் பயணம்

சென்ற ஆண்டு உறுதிபூசுதல் வகுப்புக்கு வந்த இளைஞன் ஒருவனின் பனியனில் சிவப்புப் பெட்டி ஒன்றும், அதனுள் வலப்புறம் சாய்ந்த தடித்த வெள்ளை எழுத்துகளில் ‘சுப்ரீம்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் இருந்தன. “இதன் பொருள் என்ன, தம்பி?” என்று கேட்டேன். “பொருள் தெரியாது சாமி. எழுத்து நன்றாக இருந்தது, வாங்கினேன்” என்றான். உன்னதம் என்னும் சொல்லைத் திருப்பலியில் இறைவனுக்கே வழங்கிப் பழகிய எனக்குச் சற்றே சிரிப்பு வந்தது. ஆயினும் அவன் சொன்னதே சரியான விடை என்பதை, அவ்வெழுத்தின் வரலாற்றைத் தேடிப் படித்த பின்னரே உணர்ந்தேன்.

சாய்வெழுத்து ஐரோப்பிய அச்சில் புனிதை ஒருவரின் நூலில்தான் தோன்றியது என்பதைப் பலர் அறியார். 1500-ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் ஆல்டுஸ் மனூசியுஸ் என்பார் சியன்னா நகர்ப் புனித கத்தரீனின் மடல்களை அச்சிட்டார். அந்நூலில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படம் ஒன்றில், புனிதை ஒரு கையில் நூலையும் மறு கையில் இதயத்தையும் ஏந்தி நிற்கிறார். அவற்றின்மேல் இயேசுவின் பெயரை அன்புடன் சொல்லும் சில சொற்களே சாய்வெழுத்தில் முதன்முதல் அச்சேறியவை. பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய அவ்வச்சைக் கொண்டு மறு ஆண்டு வெர்ஜிலின் கவிதை நூல் முழுவதும் வெளிவந்தது. அறிஞர்கள் விரைந்து எழுதுகையில் எழுத்து தானாகச் சாய்வதைப் பார்த்துச் செய்த அச்சு அது. மனிதக் கையின் அசைவு அதில் இருந்தது.

நம் இளைஞனின் பனியனில் இருந்த எழுத்தோ கையை நினைவூட்டாதது. அதன் பெயர் ஃபியூச்சரா. இலத்தீனில் ‘வரவிருப்பவை’ என்று பொருள். 1878-இல் பிறந்த ஜெர்மானியர் பால் ரென்னர் அதை வரைந்தார். பிராங்க்பர்ட் நகரின் பவுவர் வார்ப்பகம் 1927-இல் வெளியிட்டது. தம் காலத்துக்குரிய ஓர் எழுத்து வேண்டும் என்று ரென்னரைத் தூண்டியவர் யாக்கோப் ஹெக்னர் என்னும் பதிப்பாளர். யூதக் குடும்பத்தில் பிறந்து பின்னாளில் கத்தோலிக்கரானவர். பழைய எழுத்துகளின் நுனிகளில் காணும் சிறு பாதங்கள் ஃபியூச்சராவில் இல்லை. வட்டம், முக்கோணம், சதுரம் ஆகியவற்றால் ஆனதுபோல் தோன்றும். ஆனால் கவராயம் கொண்டு சோதித்தால் பொய் தெரிந்துவிடும். வளைவு நிமிர்கோட்டுடன் கூடும் இடங்களில் மை தேங்கிக் கறுத்துவிடாதபடி கோட்டை மெலிய விட்டிருக்கிறார் ரென்னர். கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அளவில் ஒழுங்கைக் குலைத்திருக்கிறார். அவ்வெழுத்தைத் தடிக்கச் செய்து சாய்த்ததே நாம் பேசும் வடிவம். தடிப்பு உரத்த குரலைத் தருகிறது; சாய்வு ஓட்டத்தைத் தருகிறது. ஓடிக்கொண்டே கூவும் ஒருவனைப் போன்றது அது.

ரென்னரின் வாழ்வு அமைதியாகக் கழியவில்லை. 1932-இல், புதுக் கலையைப் பழித்த நாசிகளைக் கண்டித்துச் சிறு நூல் ஒன்றைச் சூரிக் நகரில் வெளியிட்டார். மறு ஆண்டு அவர்கள் ஆட்சிக்கு வந்ததும் கைது செய்யப்பட்டார். விரைவில் விடுதலை பெற்றாலும், மியூனிக்கில் அவர் தலைமையேற்றிருந்த அச்சுப் பள்ளியின் பதவி பறிபோயிற்று. அப்பள்ளியில் ஆசிரியராயிருந்த யான் சிக்கோல்டும் சிறைப்பட்டுப் பின் சுவிட்சர்லாந்து சென்றார். கோணல் கோடுகளால் ஆன பழைய எழுத்தே ஜெர்மானியரின் எழுத்து என்பது அக்காலத்து முழக்கம். ஆனால் 1941 சனவரி 3-இல் மார்ட்டின் போர்மன் கையெழுத்திட்ட ஆணையொன்று, அந்தப் பழைய எழுத்தே யூதருடையது என்று தூற்றி அதை விலக்கியது! அவ்வாணையின் கடிதத் தலைப்பே அந்தப் பழைய எழுத்தில்தான் அச்சாகியிருந்தது. பொய்க்கு நினைவாற்றல் குறைவு.

போருக்குப் பின் ஃபியூச்சரா விளம்பரத் தொழிலின் செல்லப்பிள்ளையாயிற்று. 1969-இல் நிலவில் விட்டுவரப்பட்ட அப்போலோ 11 பட்டயத்தின் எழுத்தும் அதுவே. நியூயார்க்கில் மகளிர் இதழ் ஒன்றில் பக்க வடிவமைப்பாளராகப் பணியாற்றிய பார்பரா குரூகர் என்னும் கலைஞர், 1980-களில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின்மேல் சிவப்புப் பட்டை இட்டு, இச்சாய்ந்த தடித்த எழுத்தில் கூரிய சொற்களைப் பதித்தார். சிந்திப்பதால் இருக்கிறேன் என்ற தெக்கார்த்தின் கூற்றை, வாங்குவதால் இருக்கிறேன் என்று அவர் மாற்றிக் காட்டியது 1987-இல். அவருடைய கருத்துகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடில்லை. எனினும் இந்த ஒன்றைத் தவக்கால மறையுரையில் ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தியிருக்கிறேன். சந்தையின் குரலைக் கொண்டே சந்தையைக் கேள்வி கேட்டார்.

சந்தை அக்கேள்வியையும் வாங்கிக்கொண்டது. 1994-இல் நியூயார்க்கில் தொடங்கிய சுப்ரீம் என்னும் ஆடைக் கடை, குரூகரின் சிவப்பையும் வெள்ளையையும் சாய்வெழுத்தையும் அப்படியே தன் முத்திரையாக்கியது. 2016-இல் வெறும் செங்கல் ஒன்றில் அம்முத்திரையைப் பதித்து 30 டாலருக்கு விற்றது; அதையும் வாங்கினார்கள். 2013-இல், தன் முத்திரையைக் கேலி செய்த மற்றோர் ஆடை நிறுவனத்தின்மேல் 1 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. இரவல் நகையைத் திருட்டுக் கொடுத்ததாகப் புகார் எழுதியது போலிருக்கிறது எனக்கு. 2020-இல் அந்நிறுவனம் 210 கோடி டாலருக்குக் கைமாறியது. இதற்கு இடையில், 2017-இல், குரூகர் தாமே நியூயார்க்கில் தற்காலிகக் கடை ஒன்றைத் திறந்து, தம் சொற்கள் பொறித்த பனியன்களையும் தொப்பிகளையும் விற்றார். அது கண்டனமா வணிகமா என்று பிரித்தறிவது வாங்கியவர்களுக்கும் கடினமாயிருந்திருக்கும்.

இவற்றையெல்லாம் அவ்விளைஞனிடம் கூறினேன். ரென்னர் கைதானதை மட்டும் இருமுறை கேட்டான், பனியனை விடவில்லை. இவ்வாண்டுத் திருவிழா அறிவிப்பை அவனே கணினியில் அமைத்துக் கொண்டுவந்தான். சிவப்புப் பெட்டி, வெள்ளை எழுத்து. நம் தமிழ் எழுத்துகள் காற்றில் வளைந்த நாற்றுப்போல் வலப்புறம் சாய்ந்திருந்தன. கொடியேற்ற நேரத்தில் இருந்த பிழை ஒன்றை மட்டும் திருத்தி அச்சகத்துக்கு அனுப்பினேன்.