குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்: மருந்தளவு குறைந்தால் என்ன ஆகும்?

ஏலப்பாறை: இடுக்கி மாவட்டம் பீர்மேடு வட்டத்தின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டால், சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீடிக்கும். அதில் மருத்துவமனையில் தங்கும் காலம் குறைவு. பெரும்பகுதி லயத்து வீட்டில், நாள்தோறும் விழுங்கும் மாத்திரையில் கழிகிறது. அந்த மாத்திரை எந்த அளவில், எத்தனை நாள் தவறாமல் உட்செல்கிறது என்பது நோய் திரும்புமா என்பதோடு நேரடித் தொடர்புடையது.

குழந்தைகளை அதிகம் தாக்கும் புற்றுநோய் தீவிர லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய். 1948இல் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்ற மருந்தால் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை வெளியிட்டார். அந்த மருந்தை உருவாக்கிய ஆய்வுக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். இன்றும் பயன்படும் மெத்தோட்ரெக்சேட் அமினோப்டெரினின் நெருங்கிய உறவு மருந்து.

தணிந்த நோயைத் திரும்ப விடாமல் தடுப்பதே பெரும் சவாலாக இருந்தது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்டு பிங்கெல் குழுவினர், ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு முழு அளவும் மற்றொரு பிரிவுக்குப் பாதி அளவும் மருந்து கொடுத்து ஒப்பிட்டனர். 1971இல் வெளியான முடிவில், முழு அளவு பெற்றவர்களிடம் நோய் தணிந்திருந்த காலம் கூடுதலாக இருந்தது. பக்கவிளைவுக்கு அஞ்சி மருந்தைப் பாதியாக்குவது பாதுகாப்பான வழியன்று என்பது இதனால் தெளிவானது.

ஆனால் 'கூடுதல் மருந்து, கூடுதல் பலன்' என்று இதைப் புரிந்துகொள்வதும் தவறு. மருந்துச் செறிவு என்பது ஒரு வேளை அளவு மட்டுமன்று. குறிப்பிட்ட காலத்தில் உடலுக்குள் சென்ற மொத்த அளவு. அதே மருத்துவமனையின் மேரி ரெலிங் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, மெர்கேப்டோபியூரின் செறிவு உயர்ந்திருந்தவர்களுக்கு நல்ல பலன் கிடைத்ததைக் காட்டியது. எனினும் அளவை மிகையாக உயர்த்தினால் வெள்ளணுக்கள் சரிந்து, மருந்தை வாரக்கணக்கில் நிறுத்த நேர்ந்து, மொத்தச் செறிவு குறைந்துவிடும் என்றும் எச்சரித்தது.

இதனால்தான் பராமரிப்புக் கட்டத்தில் ரத்தப் பரிசோதனை தவிர்க்க முடியாதது. எண்ணிக்கை மிகவும் குறைந்தால் மருந்து நிறுத்தப்படும். நீண்ட நாள் உயர்ந்தே இருந்தால் அளவு கூட்டப்படும். குழந்தை வளர வளர உடல் பரப்பும் கூடுவதால், பழைய அளவிலேயே தொடர்வதும் மறைமுகமான குறைப்பே.

மாத்திரைக் கணக்கு எளிதன்று. ஐந்து, ஆறு வயதுக் குழந்தையின் உடல் பரப்பு சுமார் 0.75 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 75 மி.கி. மெர்கேப்டோபியூரின் என்றால் நாளொன்றுக்கு 56 மி.கி. வேண்டும், மாத்திரையோ 50 மி.கி. எனவே வாரத்தில் ஆறு நாள் ஒன்று, ஒரு நாள் இரண்டு என மருத்துவர் பிரித்து எழுதக்கூடும். அந்த இரண்டாவது மாத்திரை மறந்துபோனால் வார அளவில் எட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஸ்மிதா பாட்டியா தலைமையிலான அமெரிக்க ஆய்வுகளில், 95 சதவீதத்துக்குக் குறைவாக இம்மருந்தை உட்கொண்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து தெளிவாகக் கூடியிருந்தது. மாதத்தில் இரண்டு நாள் தவறினாலே 93 சதவீதம்தான். குழந்தை நலமாக ஓடியாடும் காலத்தில் இந்த மறதி ஏற்படுவது மிக இயல்பு.

இந்தியாவில் 1984 முதல் மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ், சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் ஆகியவை எம்சிபி-841 என்ற பொதுச் சிகிச்சை முறையைப் பின்பற்றின. நான்கு ஆண்டுகள் நோயின்றி இருந்தோர் விகிதம் 20 சதவீதத்துக்கும் கீழிருந்து 45 முதல் 60 சதவீதமாக உயர்ந்தது. வளர்ந்த நாடுகளில் இன்று சுமார் 90 சதவீதக் குழந்தைகள் ஐந்தாண்டுகளைக் கடக்கின்றனர். அங்குள்ள தீவிர முறையை அப்படியே இங்கு பின்பற்ற முடியாததற்குக் காரணம் உண்டு. ஊட்டச்சத்துக் குறைந்த உடலில் கடும் மருந்து தொற்றை வரவழைக்கிறது. நோய் கொல்லாத குழந்தையைத் தொற்று கொல்லக்கூடும். எனவே 2016இல் தொடங்கிய ஐசிக்கிள் என்னும் இந்தியக் கூட்டாய்வு, ஆபத்துக் குறைந்த குழந்தைகளுக்குத் தொடக்க கட்ட ஸ்டீராய்டு காலத்தைச் சுருக்க முடியுமா என்றும் ஆராய்ந்தது. மரபணுவும் இதில் சேர்கிறது. என்யுடிடி-15 மரபணு மாற்றம் உள்ள குழந்தைகளுக்கு வழக்கமான மெர்கேப்டோபியூரின் அளவே நஞ்சாகலாம். ஆசியர்களிடம் இம்மாற்றம் ஐரோப்பியர்களைவிட அதிகம். இவர்களுக்கு அளவைக் குறைப்பதே சரியான சிகிச்சை.

ஏலப்பாறையிலிருந்து குட்டிக்கானம், முண்டக்கயம், காஞ்ஞிரப்பள்ளி வழியாக மலையிறங்கினால் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரி. மண்டலப் புற்றுநோய் மையம் திருவனந்தபுரத்தில் உள்ளது. 18 வயதுக்குட்பட்டோருக்கான கேரள அரசின் கேன்சர் சுரக்‌ஷா திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்க உதவும் நோக்கில் தொடங்கப்பட்டது. ஆனால் பெற்றோர் இழக்கும் தோட்டக் கூலியும் மழைக்காலப் பாதையும் வேறு கணக்கு. 2021 அக்டோபரில் கொக்கையாறு, கூட்டிக்கல் பகுதிகளில் நேரிட்ட நிலச்சரிவு இந்த மலைப்பாதையின் நிலையைக் காட்டியது.

கீமோதெரபி பெறும் குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் காய்ச்சல் வந்தால், விடியும்வரை காத்திருக்காமல் அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, சிகிச்சைக் குறிப்பேட்டைக் காட்டி, நுண்ணுயிர் எதிர்ப்பு ஊசியை உடனே தொடங்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே கூடுதல் வாரங்களுக்கான மாத்திரையைக் கேட்டு வாங்கலாமா, ரத்தப் பரிசோதனையை உள்ளூரிலேயே செய்து முடிவைத் தொலைபேசியில் தெரிவிக்கலாமா என்பதைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. அளவைத் தாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.