பிராட் வீதிக் கிணறு: கொள்ளைநோய் வரலாற்றில் ஒரு குருவானவரின் பங்கு

கொள்ளைநோய்களின் வரலாறு மருத்துவர்களுக்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. குருவானவருக்கு அதில் இடமுண்டெனில், அது ஆறுதல் கூறுவதும் அடக்க ஆராதனை நடத்துவதுமே என்று கருதுகிறோம். இக்கருத்து முழுதும் சரியன்று என்பதை 1854ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் நிகழ்ந்த வாந்திபேதிக் கொள்ளையின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

வங்காளத்தில் 1817இல் பெருகிய காலரா என்னும் வாந்திபேதி, வணிக வழிகளையும் படைகளையும் பின்பற்றிப் பரவி, 1831இல் இங்கிலாந்தை அடைந்தது. அதன் காரணத்தை ஒருவரும் அறியார். குப்பையினின்றும் சாக்கடையினின்றும் எழும் நச்சுக்காற்றே நோயை விளைவிக்கிறது என்பது அக்கால மருத்துவ அறிஞர் பெரும்பாலோரின் துணிபு. திருச்சபையோ அதனைத் தேவ தண்டனை என்று கண்டது. 1832 மார்ச் 21ஆம் நாள் நாடெங்கும் உபவாச நாளாக அனுசரிக்கப்பட்டது. 1853இல் நோய் மீண்டும் தலைகாட்டியபோது, எடின்பரோ நகரப் பிரஸ்பிட்டேரியன் குருமார் அத்தகைய நாளொன்று அறிவிக்கப்படுமா என்று அரசாங்கத்தை வினவினர். உள்துறை அமைச்சர் பாமர்ஸ்டன் பிரபு, ஏழைகள் நெருங்கி வாழும் தெருக்களை முதலில் தூய்மைப்படுத்துங்கள், அதனைச் செய்யாது விட்டால் ஜெபமும் உபவாசமும் நோயைத் தடுத்துவிடா என்னும் கருத்தமைய மறுமொழி எழுதினார். பக்தர் பலர் இதனால் மனம் புண்பட்டனர். நோய் வருங்கால் இறைவனை நோக்குவதா, சாக்கடையை நோக்குவதா என்று, இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகையானவைபோல் வழக்காடப்பட்டது.

இவ்வழக்கு ஓயுமுன்னரே பேரிடி விழுந்தது. 1854 ஆகஸ்டு 31ஆம் நாள் இரவு, லண்டனின் சோஹோ பகுதியிலுள்ள பிராட் வீதியைச் சுற்றி வாந்திபேதி வெடித்தது. மூன்று நாள்களில் 127 பேர் மாண்டனர். பத்து நாள்களில் இத்தொகை ஐந்நூறை எட்டியது. இறுதியில் 616 ஆயிற்று. அப்பகுதியிலிருந்த தூய லூக்கா ஆலயத்தின் உதவிக் குருவானவர் ஹென்றி வைட்ஹெட், முப்பது வயதை எட்டாத இளைஞர். சபையாரின் வீடுகளுக்கு இரவும் பகலும் சென்று, சாவோரின் அருகே அமர்ந்து, அவர்தம் வாக்குகளைக் கேட்டவர் அவர்.

அதே தெருக்களில் மற்றொருவரும் வீடு வீடாகச் சென்றுகொண்டிருந்தார். அவர் மருத்துவர் ஜான் ஸ்னோ. யார்க் நகரில் உழைப்பாளி ஒருவரின் மகனாய் 1813இல் பிறந்த அவர், மயக்க மருந்து கொடுப்பதில் புகழ்பெற்றவர். 1853இல் விக்டோரியா அரசியாரின் பிள்ளைப்பேற்றின்போது குளோரோபார்ம் கொடுத்தவரும் அவரே. வாந்திபேதி காற்றினால் அன்று, நோயாளியின் கழிவு குடிநீரிலும் உணவிலும் கலப்பதனால் பரவுகிறது என்று 1849இலேயே அவர் எழுதியிருந்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் உணவைச் சுரங்கத்துள் எடுத்துச் சென்று, கழுவாத கைகளால் உண்பதனால் மிகுதியாக மடிகின்றனர் என்பதும் அவர் சுட்டிய சான்றுகளுள் ஒன்று. அறிஞர் உலகம் அதனை ஏற்கவில்லை.

பிராட் வீதியில் கைப்பம்பு பொருத்திய பொதுக் கிணறு ஒன்று இருந்தது. இறந்தோருள் மிகப் பலர் அதன் நீரைக் குடித்தவர்கள் என்று ஸ்னோ கண்டார். அந்நீர் உணவுக் கடைகளில் பரிமாறப்பட்டது. மதுக்கடைகளில் சாராயத்துடன் கலக்கப்பட்டது. சிறு கடைகளில் சர்பத்தாகவும் விற்கப்பட்டது. அருகிருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் வாழ்ந்தும் ஐவரே இறந்தனர்; விடுதிக்குத் தனிக் கிணறு உண்டு. பீர் வடிசாலையில் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் இருந்தும் ஒருவரும் அந்நோயால் மாளவில்லை. அவர்கள் அக்கிணற்று நீரைக் குடிப்பதில்லை. தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட்டில் வாழ்ந்த விதவை ஒருவரோ, அந்நீரின் சுவையை விரும்பி நாள்தோறும் வருவித்துக் குடித்தமையால் மாண்டார். இவற்றை ஸ்னோ சேகர நிர்வாகிகளிடம் எடுத்துரைக்க, செப்டம்பர் 8ஆம் நாள் பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டது.

பம்பின் கைப்பிடியை எடுத்தவுடன் நோய் நின்றது என்று இவ்வரலாறு பலமுறை சுருக்கிச் சொல்லப்படுகிறது. உண்மை அவ்வளவு எளிதன்று. கைப்பிடி எடுக்கப்படுமுன்னரே நோய் தணியத் தொடங்கிவிட்டது. இதனாலேயே வைட்ஹெட் ஸ்னோவின் கொள்கையை ஐயுற்றார். மேலும், கிணற்று நீரை நிறையக் குடித்தும் பிழைத்தெழுந்தவர்களை அவர் நேரில் அறிந்திருந்தார். சேகர மன்றம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தபோது, அதில் உறுப்பினராகிய வைட்ஹெட், தாம் ஏற்றுக்கொள்ளாத கொள்கையைப் பொய்யென்று காட்டும் நோக்குடனேயே பணியைத் தொடங்கினார் எனலாம்.

ஆயினும் அவர் நேர்மையாய் ஆராய்ந்தார். ஸ்னோ பெரிதும் இறந்தோரைப் பற்றியே விசாரித்திருந்தார். வைட்ஹெட்டோ பிழைத்தோரையும் நோயே காணாதோரையும் தேடிச் சென்றார். சில வீடுகளுக்கு நான்கு, ஐந்து முறை போனார். ஊர்விட்டு ஓடியவர்களையும் தேடிக் கண்டார். பிராட் வீதியில் கிணற்று நீரைக் குடித்தவராக அவர் அறிந்த 137 பேரில் 80 பேர் நோயுற்றிருந்தனர். குடியாத 297 பேரில் நோயுற்றோர் 20 பேரே. முன்னவருள் பாதிக்கு மேற்பட்டோர். பின்னவருள் பதினைந்தில் ஒருவர். தாம் மறுக்க எண்ணிய கொள்கையைத் தம் கணக்கே மெய்ப்பிப்பதை அவர் கண்டார், கண்டதை மறைத்தாரில்லை.

ஒரு வினா எஞ்சியது: கிணறு எவ்வாறு நஞ்சாயிற்று? 1855இல் இறப்புப் பதிவுகளைப் பார்வையிடுகையில், பம்பின் அருகிலிருந்த 40ஆம் எண் வீட்டில் ஐந்து மாதக் குழந்தையொன்று செப்டம்பர் 2ஆம் நாள் பேதியால் இறந்தது என்னும் குறிப்பு அவர் கண்ணிற்பட்டது. அக்குழந்தை நோயுற்றது கொள்ளை தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன். அவர் தாயைச் சென்று கண்டார். குழந்தையின் துணிகளை அலசிய நீரை வீட்டு முன்புறத்து மலக்குழியில் ஊற்றியதாக அந்தத் தாய் கூறினார். தோண்டிப் பார்த்தபோது மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடியும் இல்லை. செங்கற்கள் சிதைந்து, கழிவு கிணற்றுள் கசிந்திருந்தது. குழந்தை இறந்தபின் அலசிய நீர் ஊற்றப்படாமையால் நோய் தணிந்ததும் விளங்கிற்று. இன்னுமொன்று: அக்குழந்தையின் தந்தை நோயுற்றது செப்டம்பர் 8ஆம் நாள், கைப்பிடி அகற்றப்பட்ட அதே நாள். அது அகற்றப்படாதிருந்தால் இரண்டாம் கொள்ளை மூண்டிருக்கக்கூடும்.

துயருற்ற ஒரு தாய் இதனைச் சொல்லியது அதிகாரி ஒருவரிடம் அன்று; தன் தெருவில் நாள்தோறும் நடமாடிய குருவானவரிடம். மேய்ப்புப் பணியில் அவர் ஈட்டிய நம்பிக்கையே அறிவியலுக்கு வாயிலாயிற்று என்பது நமது துணிபு. பிறவிக் குருடனைக் கண்டு, யார் செய்த பாவம் என்று வினவிய சீடரின் வினாவை வைட்ஹெட் அத்தாயிடம் வினவவில்லை. என்ன நிகழ்ந்தது என்றே வினவினார்.

இவ்வுண்மை உடனே ஏற்கப்படவில்லை. அரசாங்கச் சுகாதாரக் குழு 1855இல் ஸ்னோவின் கொள்கையைத் தள்ளிற்று. 1858இல் அவர் 45 வயதில் மறைந்தார். அவ்வாண்டுக் கோடையில் தேம்ஸ் ஆற்றின் தாங்கொணா நாற்றம் பாராளுமன்றத்தையே அசைக்க, ஜோசப் பசல்ஜெட் என்னும் பொறியாளர் மாபெரும் கழிவுநீர்க் கால்வாய்களை அமைக்கத் தொடங்கினார். 1866இல் கால்வாய் முற்றுப்பெறாத கிழக்கு லண்டனில் மட்டும் வாந்திபேதி பெரிதாய்ப் பரவியது. முன்பு நச்சுக்காற்றுக் கொள்கையைச் சார்ந்திருந்த புள்ளியியலறிஞர் வில்லியம் பார், இம்முறை குடிநீரையே காரணமாகக் காட்டினார். லண்டன் கண்ட கடைசிப் பெருங்கொள்ளை அதுவே. 1875இல் பொதுச் சுகாதாரச் சட்டமும், உணவு, மருந்து விற்பனைச் சட்டமும் நிறைவேறின. மக்கள் குடிப்பதும் உண்பதும் தூயதாயிருத்தல் அரசின் கடமை என்பது நிலைநாட்டப்பட்டது. 1884இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் நோய்க்கிருமியைக் கண்டு விளக்கினார்.

எனினும் இவ்வரலாறு முடிந்துவிடவில்லை. 1961இல் இந்தோனேசியாவில் தொடங்கிய ஏழாம் உலகப் பரவல் இன்றும் ஓயவில்லை. காரணம் அறியாமையால் அன்று, நல்ல குடிநீரும் கழிப்பிடமும் ஏழைகளுக்குக் கிட்டாமையால் அவர்கள் இன்று மடிகின்றனர். ஆகவே நமது பொறுப்பு வைட்ஹெட்டினுடையதைவிடக் கனமானது.

ஜெபிப்பதா, சாக்கடையைச் சீர்செய்வதா என்று 1853இல் எழுந்த வழக்குக்கு வைட்ஹெட் நூல் எழுதி விடை கூறவில்லை. சாவோரருகே ஜெபித்த அதே மனிதர், பின்னர் அவ்வீடுகளுக்கே மீண்டும் சென்று, எந்தக் கிணற்று நீரைக் குடித்தீர்கள் என்று கேட்டார். அவ்விரண்டும் ஒரே ஊழியத்தின் இரு பகுதிகள் என்றே நாம் கொள்கிறோம். சேகரத்தில் வீடு சந்திக்கும் நாம், நம் மக்கள் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்று அறிவோமா? அங்கிருந்து தொடங்குதல் தகும்.