பாதி வழியில் ஒரு போட்டோ

அமெரிக்காவுல அப்பலாச்சியன் டிரெயில்னு ஒரு மலைப்பாதை. ஜார்ஜியாவுல ஆரம்பிச்சு மெய்ன் வரை, சுமார் 3,500 கி.மீ. (நமக்கு மொட்டைமாடி ஏறினாலே மூச்சு வாங்குது!) 1937-ல் முழுசா இணைஞ்சது. 1948-ல் ஏர்ல் ஷேஃபர் மொத்தத்தையும் ஒரே பயணமா நடந்தேன்னு சொன்னப்ப, பாதையைப் பராமரிக்கற சங்கமே முதல்ல நம்பலை. டைரியும் ஸ்லைடுகளும் காட்டித்தான் நம்ப வைச்சார்.

அதே சங்கம் 1972-ல் வாஷிங்டன்லேர்ந்து ஹார்பர்ஸ் ஃபெர்ரிங்கற சின்ன ஊருக்குக் குடிவந்தது. 1979-லேர்ந்து, நடந்து வர்றவங்களை அங்கே நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து ஆல்பத்துல சேர்க்கற வழக்கம். கணக்குப்படி பாதித்தூரம் பென்சில்வேனியாவுலதான் வருது. ஆனா நடக்கறவங்க மனசுக்கு இதான் பாதி.

கிளம்பறதுல நாலில் ஒருத்தர்தான் முடிக்கறாங்களாம். முடிச்சவங்க பட்டியலை விட எனக்கு இந்த ஆல்பம்தான் பிடிச்சிருக்கு. இதுக்கப்புறம் திரும்பிப் போனவங்களும் இதுல சிரிச்சுக்கிட்டு நிக்கறாங்க.