தோட்டாவா, பிக்ஸலா? கயோட்டி வேட்டையின் 90 வருடக் கதை

கயோட்டியை வட அமெரிக்காவின் குள்ளநரி என்று வைத்துக்கொள்ளலாம். எடை பத்துப் பதினைந்து கிலோதான். ஆனால் ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டி என்று கை வைப்பதால் அமெரிக்கப் பண்ணைக்காரர்களுக்கும் அதற்கும் ஜென்மப் பகை. அதைச் சுட எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா என்ற வாதம் அங்கே தலைமுறைகளாக நடக்கிறது. நான் துப்பாக்கியைத் தொட்டதுகூடக் கிடையாது. ஆனா கணக்குப் போட்டுப் பார்க்கப் பிடிக்கும். பார்த்தால், அந்த வாதத்தின் கேள்வியே மாறிவிட்டது தெரிகிறது.

1935-ல் வின்செஸ்டர் .220 ஸ்விஃப்டைக் கொண்டுவந்தது. மூன்று கிராம் குண்டு, விநாடிக்கு 4,110 அடி வேகம். எதற்கு இத்தனை அவசரம்? லேசர் தூரமானி இல்லாத காலம் அது. இலக்கு இருக்கும் தூரத்தைக் கண்ணால் தப்பாகக் கணித்தாலும், வேகமான குண்டு வழியில் அதிகம் கீழே இறங்காது. அதற்குக் கொடுத்த விலை, சீக்கிரம் தேயும் குழல்.

அடுத்து 22-250. 1915-ல் வந்த .250 சாவேஜ் தோட்டாவின் கழுத்தைக் குறுக்கி, துப்பாக்கிப் பிரியர்கள் தங்கள் பட்டறைகளில் உருவாக்கியது. 1965-ல்தான் ரெமிங்டன் அதைத் தொழிற்சாலைத் தோட்டாவாக்கியது. ராணுவத்தின் 5.56-க்கு உடன்பிறப்பான .223 ரெமிங்டனும் அதே காலத்தில்தான் சந்தைக்கு வந்தது. ஒரே 55 கிரெயின் குண்டை 22-250 விநாடிக்கு 3,600 அடிக்கு மேல் தள்ளும்; .223 சுமார் 3,200 அடி. பகல் வேட்டையில் இந்த வித்தியாசத்துக்கு மதிப்பு உண்டு.

இரவு வேட்டை வேறு கதை. 1945-ல் ஒகினாவா போரில் அமெரிக்க வீரர்கள் அகச்சிவப்பு விளக்கை கார்பைனில் மாட்டி இருட்டில் சுட்டார்கள். தெர்மல் ஸ்கோப்புக்கு விளக்கே வேண்டாம். உடம்புச் சூட்டையே படமாக்கும். குளிரூட்டத் தேவையில்லாத அதன் சென்சாரை ஹனிவெல் 1980-களில் ராணுவத்துக்காக உருவாக்கியது. 1992-ல் ரகசியம் நீங்கிய பிறகுதான் அது மெல்ல மெல்ல வேட்டைக்காரர் கைக்கு வந்தது.

இப்போது கணக்கு. 12 மைக்ரான் பிக்ஸல், 50 மி.மீ. லென்ஸ் என்றால், 300 மீட்டரில் ஒரு பிக்ஸல் சுமார் 7 செ.மீ. அகலத்தை மூடும். வாலை விட்டுவிட்டால் கயோட்டி 90 செ.மீ. நீளம் இருக்கும். அதாவது வெறும் 12, 13 பிக்ஸல்! டிஜிட்டல் ஜூம் போட்டாலும் அதே பிக்ஸல்கள்தான் பெரிதாகும். பக்கத்துப் பண்ணை நாயும் அதே அளவுதான். அதுவும் அதே மாதிரி வெள்ளையாகத்தான் ஒளிரும். 150 மீட்டரில் 25 பிக்ஸல் கிடைக்கும். காது, வால், நடை எல்லாம் பிடிபட ஆரம்பிக்கும்.

அந்தத் தூரத்துக்கு .223 தாராளம். உதைப்பு குறைவு என்பதால், சுட்ட பிறகும் படம் ஸ்கோப்பை விட்டு விலகாது. குழலும் நீண்ட நாள் உழைக்கும்.

1935-ல் கண்ணுக்குத் தெரிந்த மிருகத்தைத் தோட்டா எட்டவில்லை. இன்று தோட்டா எட்டும் தூரத்தில் இருப்பது என்ன மிருகம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகவே தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் முன், நாயையும் நரியையும் எத்தனை மீட்டர் வரை பிரித்தறிய முடியும் என்று கணக்குப் போடணும். அதற்கு அப்பால் விசையில் விரலே போகக் கூடாது.