அரங்கு கேட்டவர்களுக்கு வந்த மூன்று பதில்கள்

நம்மூரில் சபா அரங்கோ கல்யாண மண்டபமோ வாடகைக்குக் கேட்டுப் போனவர்கள் ஒருமுறையாவது "அந்தத் தேதி புக் ஆகிவிட்டது" என்ற பதிலைக் கேட்டிருப்பார்கள். உண்மையிலேயே புக் ஆகியிருந்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1939 ஜனவரியில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு இதே பதில்தான் கிடைத்தது. ஆனால் அந்தப் பதிலோடு இன்னொரு காரணமும் ஒட்டிக்கொண்டு வந்தது. கேட்டது, கருப்பின மாணவர்களின் உயர்கல்விக்குப் பெயர்பெற்ற, 1867-இல் தொடங்கப்பட்ட ஹோவர்டு பல்கலைக்கழகம். கேட்கப்பட்டது, 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்' என்ற பெண்கள் சங்கத்துக்குச் சொந்தமான கான்ஸ்டிடியூஷன் ஹால். பாட இருந்தவர், ஐரோப்பிய மேடைகளில் பெரும்புகழ் பெற்றுத் திரும்பியிருந்த பிலடெல்பியாக்காரரான கருப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சன். ஹோவர்டு அவருடைய கச்சேரியை ஆண்டுதோறும் நடத்திவந்தது. கருப்பினப் பிள்ளைகள் படித்த ஆர்ம்ஸ்ட்ராங் உயர்நிலைப்பள்ளியின் அரங்கில் நடத்திப் பார்த்தார்கள். வருகிற கூட்டத்துக்கு இடம் போதவில்லை. ஏறத்தாழ நாலாயிரம் பேர் அமரக்கூடிய கான்ஸ்டிடியூஷன் ஹாலை ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு மாலைக்குக் கேட்டது அதனால்தான்.

அரங்கின் மேலாளர் இரண்டு காரணங்களைச் சொன்னார். அன்றைய தேதி தேசிய சிம்பொனி இசைக்குழுவுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது, இது உண்மை. அரங்கின் வாடகை ஒப்பந்தத்தில் வெள்ளையினக் கலைஞர்கள் மட்டுமே மேடையேறலாம் என்ற விதி இருக்கிறது; இதுவும் உண்மை. முதல் காரணத்தோடு நிறுத்தியிருந்தால் ஹோவர்டு வேறு தேதி கேட்டிருக்கும், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆண்டர்சனின் நிகழ்ச்சிகளைக் கவனித்துவந்த சோல் ஹுராக் வேறு நாட்களைக் கேட்டும் பார்த்தார். கிடைக்கவில்லை. அப்படியானால் முட்டுக்கட்டை நாட்காட்டியில் இல்லை, விதியில் இருக்கிறது. அந்த விதியும் கட்டடம் எழும்பிய நாளிலிருந்து இருந்ததல்ல. 1929-இல் திறக்கப்பட்ட அரங்கில் 1931-இல் கருப்பினப் பாடகர் ரோலண்ட் ஹேஸ் பாடியிருக்கிறார். கருப்பினக் கலைஞர்கள் வந்தால் அவர்களைக் கேட்க வரும் கருப்பின மக்களும் வெள்ளையரும் கலந்து உட்காருகிறார்கள் என்று சங்க உறுப்பினர்கள் சிலர் முறையிட்டபின், 1932-இல்தான் விதி ஒப்பந்தத்துக்குள் புகுந்தது. ஏழே வயதான ஒரு விதியை நெடுநாள் மரபுபோல் எடுத்து நீட்டினார்கள்.

சங்கத்தின் பக்கம் ஒரு வலுவான வாதம் உண்டு. கட்டடம் அவர்களுடையது, பணம் அவர்களுடையது, அதை யாருக்குத் தருவது என்பது அவர்கள் விருப்பம். அன்றைய சட்டப்படி இது சரிதான். இந்த வாதத்தை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். தன் இடத்தை யாருக்குத் தருவது என்று ஒரு சங்கம் தானே தீர்மானிக்க முடியாமல் போனால் சங்கம் என்ற ஏற்பாட்டுக்கே பொருளில்லை. ஆனால் கான்ஸ்டிடியூஷன் ஹால் உறுப்பினர்கள் கூடிப் பேசும் வீட்டுக்கூடமாக மட்டும் இருக்கவில்லை. டிக்கெட் விற்கும் கச்சேரிகளுக்கு வாடகைக்கு விடப்பட்டது. தலைநகரின் இசைக்குழு அங்கேதான் வாசித்தது. அந்த அளவுக்குப் பெரிய, கச்சேரிக்கு ஏற்ற வேறு அரங்கு ஊரில் இல்லை. சங்கம் 1896-இல் நாடாளுமன்றமே தந்த சாசனத்தின்கீழ் இயங்கியது. அதன் சொத்துக்கு வரிவிலக்கும் இருந்தது. ஊரின் ஒரே பெரிய மேடையைப் பொதுச் சலுகையோடு கையில் வைத்திருப்பவர், கேட்டவருக்குத் தரும் பதிலை வீட்டு விஷயம் என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பதில், தலைநகரில் யார் பாடலாம், யார் பாடக்கூடாது என்று தீர்மானித்தது.

சங்கத்தின் தலைவி சாரா கார்பின் ராபர்ட் முன்வைத்த சமாதானம் வேறு வகையானது: ஊரில் நிலவும் வழக்கத்தைத்தான் பின்பற்றினோம், தனி ஒரு கலைஞர் மீது பகை இல்லை. வழக்கம் என்று ஒன்று இருந்ததா என்று பார்க்கவேண்டும். வாஷிங்டனில் பள்ளிகள் சட்டப்படி இரண்டாகப் பிரிந்திருந்தன. அரங்குகளைப் பிரிக்கச் சொல்லும் சட்டம் கிடையாது. நேஷனல் தியேட்டரில் கருப்பினக் கலைஞர் மேடையில் நடிக்கலாம், கருப்பின ரசிகர் உள்ளே நுழைய முடியாது. கான்ஸ்டிடியூஷன் ஹாலில் கருப்பின ரசிகருக்கு ஒரு மூலையில் இடம் உண்டு, கருப்பினக் கலைஞருக்கு மேடை கிடையாது. ஒரே ஊரில் இரண்டு அரங்குகள் நேர் எதிரான விதிகளை வைத்துக்கொண்டு இரண்டுமே ஊர் வழக்கம் என்று சொன்னால், ஒவ்வொரு சொந்தக்காரரும் தன் கோட்டைத் தானே போட்டுக்கொண்டார் என்றுதான் பொருள். மக்கள் மனநிலையும் அவர்கள் நினைத்த மாதிரி இருக்கவில்லை. ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட், நல்வழி காட்டக் கிடைத்த வாய்ப்பைச் சங்கம் தவறவிட்டது என்று எழுதி, பிப்ரவரி 26-ஆம் தேதி உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகினார். அவர் செய்தது சரியா என்று காலப் நிறுவனம் கருத்துக்கணிப்பு நடத்தியபோது 67 சதவீதத்தினர் சரி என்றார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கிருந்து நேரே லிங்கன் நினைவகத்துக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் வந்த இரண்டாவது பதிலைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். கான்ஸ்டிடியூஷன் ஹால் கைவிட்டபின், வெள்ளையினப் பிள்ளைகள் படித்த சென்ட்ரல் உயர்நிலைப்பள்ளியின் பெரிய அரங்கை ஹோவர்டு கேட்டது. பள்ளிகளின் கண்காணிப்பாளர் ஃப்ராங்க் பாலூ, இரட்டைப் பள்ளி முறையைக் காட்டி மறுத்தார். வழக்கறிஞர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் தலைமையில் ஒரு குடிமக்கள் குழு திரண்டது. மனுக்கள் போயின, கூட்டங்கள் நடந்தன. மார்ச் தொடக்கத்தில் கல்வி வாரியம் இறங்கிவந்து சரி என்றது. ஆனால் ஒரு நிபந்தனை: இதை முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடாது, இனி இப்படி ஒரு விலக்கைக் கேட்டு வரமாட்டோம் என்று உறுதி தரவேண்டும். அந்த உறுதி அவர்கள் எதிர்பார்த்த வடிவில் வராததால் அதே மாதத்தில் அனுமதி திரும்பப் பெறப்பட்டது.

ஹோவர்டு தரப்பு விட்டுக்கொடுத்திருக்கலாமே, அரங்கு கிடைத்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். ஒரு மாலைக் கச்சேரிதானே நோக்கம், கொள்கைச் சண்டை எதற்கு? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. டிக்கெட் வாங்கக் காத்திருந்த ரசிகருக்கு வாரியத்தின் வாசகம் பெரிதில்லை. ஆனால் கையெழுத்திடச் சொன்ன காகிதம் கேட்டது அந்த ஒரு மாலையை மட்டுமல்ல. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் கதவைத் தட்டுகிற உரிமையை, தட்டுபவரே தன் கையால் எழுதிக் கொடுத்துவிடவேண்டும். வெறும் மறுப்பு இதைச் செய்வதில்லை. மறுக்கப்பட்டவர் நாளை மறுபடி கேட்கலாம். விதிவிலக்காக வரும் அனுமதி, விதி நியாயமானது என்று கேட்பவரையே ஒப்புக்கொள்ள வைக்கிறது. இடம் கேட்டு வரும் அமைப்புக்கு எழுதப்படும் பதில் நேர்மையானதா என்று பார்க்க எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் தெரியவில்லை: பதிலைப் படித்தவர் மறுபடி கேட்க வரலாமா, கூடாதா?

மூன்றாவது பதில் அரசிடமிருந்து வந்தது. கருப்பின முன்னேற்றச் சங்கத்தின் வால்டர் வைட் முதலானோர் லிங்கன் நினைவகத்தின் படிக்கட்டைக் கேட்டார்கள். அதன் பொறுப்பு உள்துறையிடம். அமைச்சர் ஹாரல்ட் இக்கிஸ் ஜனாதிபதியின் இசைவைப் பெற்று அனுமதித்தார். இனிமேல் கேட்காதே என்ற வரி அதில் இல்லை. அந்த இடத்துக்கும் ஒரு கறை உண்டு: 1922 மே 30-இல் அதைத் திறந்துவைத்த விழாவில் கருப்பின விருந்தினரைத் தனியே ஓரிடத்தில் பிரித்து உட்காரவைத்தார்கள். பதினேழு ஆண்டுகள் கழித்து, குளிர் அடித்த ஈஸ்டர் மாலையில், ஏறத்தாழ 75,000 பேர் பிரிவில்லாமல் அதே புல்வெளியில் நின்றார்கள். பியானோவில் கோஸ்டி வெஹானன். வானொலி நாடு முழுக்க ஒலிபரப்பியது. ஆண்டர்சன் தேசபக்திப் பாடலில் தொடங்கி, டோனிசெட்டியின் இசைநாடகப் பாட்டையும் ஷூபர்ட்டையும் பாடி, தன் மக்களின் பக்திப் பாடல்களுக்கு வந்தார்.

நாலாயிரம் பேருக்குப் பதில் 75,000 பேர் கேட்டார்கள், மறுப்பு நன்மையில்தானே முடிந்தது என்பவர்கள் உண்டு. இதை என்னால் ஏற்க முடியவில்லை. திறந்தவெளி கிடைத்தது அரசு மனம் வைத்ததால், நாடே பார்த்துக்கொண்டிருந்ததால். ஆண்டர்சன் அளவுக்குப் புகழில்லாத ஒரு கருப்பினப் பாடகருக்கு அமைச்சர் வந்து அறிமுகவுரை ஆற்றப்போவதில்லை. அவருக்கு வேண்டியது கூரையும் நாற்காலியும் உள்ள ஓர் அரங்கு, மற்றவர் கட்டும் அதே வாடகைக்கு. அது வாஷிங்டனில் அன்றைக்கும் கிடைக்கவில்லை, அதற்குப் பிறகு பல ஆண்டுகளுக்கும் கிடைக்கவில்லை. 1943 ஜனவரி 7-ஆம் தேதி, சீன நிவாரண நிதிக்காக, அரங்கை வைத்திருந்த பெண்கள் சங்கமே அழைத்து ஆண்டர்சன் கான்ஸ்டிடியூஷன் ஹாலில் பாடினார், ரசிகர்கள் கலந்தே உட்கார்ந்தார்கள். விதி அப்படியேதான் இருந்தது. 1945-இல் பியானோ கலைஞர் ஹேசல் ஸ்காட்டுக்கு அதே அரங்கு மறுக்கப்பட்டது. அவருடைய கணவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தும் பயனில்லை. ஒரு மாலைக்குத் தரப்பட்ட அனுமதி அடுத்தவருக்கு உதவவில்லை. ஒப்பந்தத்திலிருந்து அந்த வாசகம் 1952-இல்தான் நீக்கப்பட்டது.

கல்வி வாரியம் அஞ்சிய முன்னுதாரணம் வேறு இடத்தில் உண்டானது. லிங்கன் நினைவகப் படிக்கட்டு, உரிமை கேட்பவர்கள் கூடும் இடமாகிப்போனது. 1963 ஆகஸ்டில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய பேரணியில் ஆண்டர்சனும் வந்து பாடினார். அடுத்த ஆண்டு தன் விடைபெறும் கச்சேரிப் பயணத்தை அவர் தொடங்கியது கான்ஸ்டிடியூஷன் ஹாலில். இரண்டாவது பதிலைத் தந்த பள்ளியின் கதை இன்னும் விரைவாக மாறியது. சென்ட்ரல் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை சரிந்து, கருப்பினப் பள்ளிகளில் இடம் போதாமல் திணறிய நிலையில், 1950-இல் அந்தக் கட்டடத்தை, அரங்கோடு சேர்த்து, கருப்பினப் பிள்ளைகள் படித்த கார்டோசோ பள்ளிக்கே வாரியம் ஒப்படைத்தது. பள்ளிகளைப் பிரித்து வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.