கழித்துப் போட்ட மூட்டிலிருந்து குடியேறும் வீடு வரை: அமெரிக்க உயர்நிலைப்பள்ளிகளில் கட்டடத் தொழிற்கல்வி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர்நிலைப்பள்ளிகள் பலவற்றில் கட்டடத் தொழில் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. தச்சு, செங்கல் கட்டு, மின்கம்பி இழுத்தல், குழாய் பொருத்துதல் ஆகியவற்றைப் பதினாறு, பதினேழு வயது மாணவர்கள் கணிதத்தோடும் இலக்கியத்தோடும் சேர்த்துப் பயில்கின்றனர். ஒரு கைத்தொழில் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்த இந்த வரலாற்றில், மாணவன் செய்யும் வேலை கைப்பழக்கத்துக்காக மட்டும் செய்யப்பட வேண்டுமா, அல்லது யாரோ ஒருவருக்குப் பயன்பட்டு நிலைத்து நிற்க வேண்டுமா என்ற கேள்வி ஒன்றே மீண்டும் மீண்டும் எழுந்திருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தொழில் கற்பது என்பது ஒரு மேஸ்திரியிடம் சில ஆண்டுகள் கட்டுப்பட்டிருந்து பழகுவதாகவே இருந்தது. தொழிற்சாலைகள் பெருகியபோது இந்தப் பழகுமுறை தளர்ந்தது. அதன் இடத்தை நிரப்ப வந்த முதல் முறை ரஷ்யாவிலிருந்து வந்தது. மாஸ்கோ பேரரசுத் தொழில்நுட்பப் பள்ளியின் தலைவரான விக்டர் டெல்லா வோஸ், ஒரு தொழிலை அதன் அடிப்படைச் செயல்களாகப் பிரித்து, எளியதிலிருந்து கடினமானதை நோக்கி வரிசைப்படுத்தி, பல மாணவர்களுக்கு ஒரே நேரத்தில் கற்பிக்கும் முறையை வகுத்திருந்தார். 1876ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுப் பொருட்காட்சியில் அப்பள்ளி மாணவர்களின் மாதிரிகள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கண்ட மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத் தலைவர் ஜான் ரங்கிள் அதே ஆண்டில் அம்முறையைத் தம் நிறுவனத்தில் புகுத்தினார். கால்வின் உட்வர்ட் என்ற கணிதப் பேராசிரியர் 1880இல் செயின்ட் லூயிஸ் நகரில் கைப்பயிற்சிப் பள்ளியைத் திறந்து, உயர்நிலைப்பள்ளி வயதினர் பாடநூலையும் உளியையும் ஒரே நாளில் கையாள வழி செய்தார்.

உட்வர்டின் பள்ளியில் மாணவன் மேசையோ கதவோ செய்ய வேண்டியதில்லை. ஒரு மரத்தில் துளையும் மற்றொன்றில் அதனுள் செறியும் கழுந்தும் வெட்டி இணைப்பதும், புறாவின் வால்போல் விரிந்த பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோப்பதுமே அவனுடைய பயிற்சிகள். அளந்து மதிப்பெண் இட்டபின் அந்த மூட்டைக் கழித்துப் போட்டாலும் இழப்பில்லை. கண்ணும் கையும் பெற்ற தேர்ச்சியே விளைபொருள் என்று கருதப்பட்டது. இக்கருத்தில் உண்மை உண்டு. ஆனால் வீடு கட்டும் தொழிலைப் பொறுத்தவரை அதில் ஒரு பெருங்குறையும் இருந்தது. சிகாகோ வட்டாரத்தில் 1830களில் பரவத் தொடங்கிய சட்டகக் கட்டுமுறை, கனமான தூண்களையும் வெட்டிப் பொருத்திய மூட்டுகளையும் விடுத்து, மெல்லிய மரச்சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி ஆணியடித்து வீட்டை எழுப்பியது. நாடெங்கும் வீடுகள் ஆணியால் எழுந்துகொண்டிருந்த காலத்தில் பள்ளிகள் கழுந்து வெட்டக் கற்பித்தன என்பது, பயிற்சி வேலைத்தளத்திலிருந்து எவ்வளவு விலகிப் போக முடியும் என்பதற்குச் சான்றாகும்.

எதிர்த்திசையில் நின்றது அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி. அடிமைத்தனத்தில் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன் 1881இல் தொடங்கிய அப்பள்ளிக்குக் கட்டடம் தேவைப்பட்டது. அதைக் கட்டுவதையே அவர் பாடமாக்கினார். மாணவர்கள் மண் பிசைந்து செங்கல் அறுத்துச் சூளையிட்டனர். மூன்று சூளைகள் வீணாயின. வாஷிங்டன் தம் கடிகாரத்தை அடகு வைத்துப் பெற்ற பணத்தில் போட்ட நான்காவது சூளையே கைகொடுத்தது. 1901இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில், பள்ளியின் நாற்பது கட்டடங்களில் நான்கு தவிர ஏனையவை பெரும்பாலும் மாணவர் உழைப்பால் எழுந்தவை என்று அவர் பதிவு செய்கிறார். மாசசூசெட்ஸ் கழகத்தில் கட்டடக்கலை பயின்று வந்த ராபர்ட் ஆர். டெய்லர் அவற்றில் பலவற்றுக்கு வரைபடம் அளித்தார். கறுப்பின இளைஞரைக் கைத்தொழிலுக்குள் அடைப்பது உயர்கல்விக்கும் உரிமைக்கும் தடையாகும் என்று கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1903இல் எழுப்பிய கண்டனமும் இவ்வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது. எந்தப் பிள்ளைகளைத் தொழிற்கல்விக்கு அனுப்புவது என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் அப்பிள்ளைகளின் பெற்றோர் அல்லர்.

இருபதாம் நூற்றாண்டில் தொழிற்கல்வி அரசின் பொறுப்பாயிற்று. தொழிலைப் பொதுக்கல்வியிலிருந்து பிரித்துக் கற்பிக்க வேண்டும் என்ற கல்வியாளர் டேவிட் ஸ்னெடனும், அப்பிரிவினை வகுப்பு வேறுபாட்டை நிலைநிறுத்தும் என்ற தத்துவ அறிஞர் ஜான் டூயியும் 1915இல் வெளிப்படையாக மோதினர். 1917 பிப்ரவரி 23 அன்று நிறைவேறிய ஸ்மித்–ஹியூஸ் சட்டம் ஸ்னெடனின் பக்கமே சாய்ந்தது. ஆயினும் அச்சட்டத்தின் ஒரு விதி பழைய கேள்விக்குத் தெளிவான விடை தந்தது: கூட்டரசின் நிதி பெறும் முழுநேரத் தொழில் வகுப்புகளில் நேரத்தின் பாதியாவது, பயனுள்ள அல்லது உற்பத்தி சார்ந்த நடைமுறை வேலைக்குச் செலவிடப்பட வேண்டும். வாரத்துக்கு 30 மணி நேரம், ஆண்டுக்கு 9 மாதம் என்ற கணக்கும் அதில் இருந்தது. வெட்டிக் கழிக்கும் மூட்டுக்கு இவ்விதியில் இடம் குறைந்தது.

மாணவர்களே முழு வீடு கட்டும் வழக்கம் இவ்விதியின் நோக்கத்தோடு இயல்பாகப் பொருந்துகிறது. மாவட்டக் கல்வி நிர்வாகமோ அதற்குத் துணையான அறக்கட்டளையோ ஒரு மனை வாங்குகிறது. மாணவர்கள் முறைவைத்து அங்கு சென்று கல்வியாண்டு முழுவதும் வேலை செய்கின்றனர். விற்று வரும் பணம் அடுத்த மனைக்கு முதலாகிறது. மூலை செங்கோணமாக உள்ளதா என்று பார்க்க ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்துக் குறுக்கே 5 அடி வருகிறதா என்று நூல் பிடிப்பதும், சுவர்ச் சட்டங்களை நடுவுக்கு நடு 16 அங்குல இடைவெளியில் நிறுத்துவதும் இங்கே கற்கும் முதல் பாடங்களுள் அடங்கும். இரண்டாவதற்குக் காரணம் எளியது: சுவர்ப்பலகை 4 அடி அகலம், அதாவது 48 அங்குலம், 16இன் மூன்று மடங்கில் பலகையின் விளிம்பு சரியாக ஒரு சட்டத்தின் நடுவில் அமரும். பதினெட்டு வயது நிரம்பாதோரைக் கூரை வேலையில் அமர்த்துவதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது; பதினாறு வயது கடந்த தொழிற்கல்வி மாணவர்க்கு மட்டும் எழுத்து மூலமான உடன்பாட்டின் பேரிலும் நெருங்கிய மேற்பார்வையிலும் சிறிது நேர வேலைக்கு விலக்கு அளிக்கிறது. பாலினப் பாகுபாட்டைத் தடுத்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னர், மனையியல் வகுப்புக்கு அனுப்பப்பட்டு வந்த மாணவியருக்கும் இவ்வேலைத்தளம் திறந்தது.

கல்வித்தரம் குறித்து 1983இல் வெளிவந்த தேசிய ஆணைக்குழு அறிக்கை ஏட்டுப்பாடங்களைக் கூட்டச் சொன்னதை அடுத்து, பல பள்ளிகளின் பட்டறைகள் சுருங்கின. எஞ்சிய வீட்டுத்தளங்களில் ஆசிரியரின் மதிப்பெண்ணோடு வேறொரு தீர்ப்பும் உண்டு. சுவர்ப்பலகை மூடுமுன் உள்ளூர் நிர்வாகத்தின் கட்டட ஆய்வாளர் வந்து சட்டகத்தையும் மின்கம்பியையும் குழாயையும் பார்வையிடுகிறார்; மாணவர் கட்டியது என்பதற்காகக் கட்டட விதிகளில் தளர்வு கிடையாது. பிழையென்று அவர் காட்டியதை, அதை அடித்த மாணவரே பிடுங்கி எடுத்து மறுபடி பொருத்திய பிறகுதான் சுவர் மூடப்படுகிறது.