அகழ்பொறியின் ஆயுள்: டி வ்ரீஸ்–ஸ்டோல் கணிப்பும் யாழ்ப்பாணத் தீவகச் சான்றும்

பிட்கொயின் அகழும் பொறி சராசரியாக 1.29 ஆண்டுகளே நிலைக்கும் என்று அலெக்ஸ் டி வ்ரீஸும் கிறிஸ்டியன் ஸ்டோலும் 2021-இல் எழுதினர். அந்த எண்ணைச் சற்றுத் திருத்துவது என் நோக்கமன்று. அவர்கள் அளந்தது பொறியின் ஆயுளை அன்று, ஒரு குறிப்பிட்ட மின்கட்டணத்தில் அது தரும் இலாபத்தின் காலத்தை என்பதே என் வாதம். இந்த இரண்டும் எவ்வளவு தூரம் விலகக்கூடும் என்பதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதன் தீவுகளிலும் ஒரு பழைய சான்று உண்டு. பொறியியல் வரலாற்றில் அதற்குரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

முதலில் அவர்களுடைய வாதத்தை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். 'ரிசோர்சஸ், கன்சர்வேஷன் அண்ட் ரீசைக்கிளிங்' ஆய்விதழில் வெளிவந்த அக்கட்டுரை தெளிவான தருக்கம் உடையது. ஏசிக் எனப்படும் அகழ்சிப்பு ஒரே ஒரு கணக்கைச் செய்வதற்காக வார்க்கப்பட்டது. வேறு வேலைக்கு அதைத் திருப்ப முடியாது. புதிய தலைமுறைச் சிப்பு வரும்போது வலையமைப்பின் கடினநிலை, அதாவது ஒரு வெற்றிக்கு வேண்டிய முயற்சியின் அளவு, உயர்கிறது. பழைய பொறியின் வருமானம் குறைகிறது. வருமானம் மின்செலவுக்குக் கீழே இறங்கும் நாளில் அந்தப் பொறி குப்பையாகிறது. இவ்வழியில் 2021 மே மாத நிலவரப்படி ஆண்டுக்கு 30.7 கிலோதொன் மின்னணுக் கழிவு என்றும், ஒரு பரிவர்த்தனைக்கு 272 கிராம் என்றும் கணித்தனர். நெதர்லாந்தின் சிறு தகவல்தொழில்நுட்பக் கருவிகளின் கழிவுக்கு அது ஒப்பானது என்றும் காட்டினர். பிட்கொயின் ஆதரவாளர் பலர் இக்கட்டுரையைப் பகைமையோடு அணுகினர். நான் அப்படி அணுகவில்லை. கழிவு என்ற கேள்வியை ஆய்வுலகின் நடுவே வைத்தவர்கள் அவர்களே. அவர்களுடைய கவலை நியாயமானது. பிழை கவலையில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது.

அந்த அளவுகோல் ஒரு கிலோவாற்-மணிக்கு 5 அமெரிக்க சதம் என்ற ஒரே மின்விலையில் நிற்கிறது. 2016-இல் பிட்மெயின் வெளியிட்ட அன்ட்மைனர் எஸ்9 பொறியை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 1,320 வாற் இழுத்து, வினாடிக்கு 13.5 டெராஹாஷ் (டெராஹாஷ் என்பது அகழ்கணக்கில் ஒரு டிரில்லியன் முயற்சி) தருவது அது. நாளுக்கு 31.68 கிலோவாற்-மணி. 5 சத விலையில் நாட்செலவு 1.58 டொலர், 2 சத விலையில் 63 சதம். அந்தப் பொறியின் நாள்வருமானம் 1 டொலர் எனக் கொண்டால், முதல் விலையில் அது இறந்த பொறி, இரண்டாவது விலையில் உயிருள்ள பொறி. சிப்பில் எதுவும் மாறவில்லை. மாறியது அது வைக்கப்பட்ட இடம் மட்டுமே. ஆகவே 1.29 என்பது சிப்பின் பண்பு அன்று, ஊரின் பண்பு. டி வ்ரீஸும் ஸ்டோலும் ஊரை ஒரு மாறிலியாக நிறுத்திவிட்டு, பொறிக்கு வயது கணித்தார்கள்.

இதை வெறும் தருக்கமாக விடாமல் ஒரு சாசனத்தைக் கொண்டு சோதிக்கலாம். சாசனம் என்று நான் குறிப்பது பிட்கொயின் பேரேட்டையே. அது கட்டம் (பிளொக்) கட்டமாக வளர்வது. ஒவ்வொரு கட்டத்தின் தலைப்பும் 80 பைட்டு நீளம். அதன் கடைசி 4 பைட்டு நொன்ஸ் என்னும் எண். அது 0 முதல் 4,294,967,295 வரை எதுவாகவும் இருக்கலாம். அகழ்பொறி இந்த எண்ணை மாற்றி மாற்றி முயன்று, விதிக்கப்பட்ட எல்லைக்குக் கீழே விடை வரும் வரை ஓடுகிறது. வென்ற எண் நிலையாகப் பதிவாகிறது. பிறகு யாராலும் அழிக்க முடியாது. 2009 ஜனவரி 3-ஆம் திகதியிட்ட முதற்கட்டத்தில் பொறிக்கப்பட்ட எண் 2083236893. அன்று தொடங்கி ஒவ்வொரு வெற்றியும் இதே இடத்தில் ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது.

இந்த எண்கள் எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்க வேண்டும். கட்ட வரிசையைக் கிடையாகவும் நொன்ஸை நிலைக்குத்தாகவும் வைத்துப் புள்ளியிட்டால், தொடக்க காலத்துப் பகுதியை விட்டுப் பார்க்கும்போது நீண்ட தூரம் சீரான தூவலே தெரிகிறது. 2016-ஐ ஒட்டிக் காட்சி மாறுகிறது: புள்ளிகள் ஐதான வெளிறிய பட்டைகள் கிடையாக ஓடத் தொடங்குகின்றன. 2019-இல் பிட்மெக்ஸ் என்னும் பரிவர்த்தனைச் சந்தையின் ஆய்வுப் பிரிவு இதை ஒரு புதிராக முன்வைத்தது. 2020-இல் கொயின் மெட்ரிக்ஸ் நிறுவனத்துக்காக எழுதிய கரீம் ஹெல்மி, பட்டைகளை எஸ்9 குடும்பத்துடன் இணைத்து வாசித்தார். எஸ்9-இன் ஒவ்வொரு பலகையிலும் பிஎம்1387 என்னும் சிப்பு 63; மூன்று பலகையிலும் சேர்த்து 189; ஒவ்வொரு சிப்புக்குள்ளும் 114 உட்கருக்கள். தேடும் வேலையை இவற்றுக்குப் பங்கிடும் முறையில் நொன்ஸ் வெளியின் சில பகுதிகள் மற்றவற்றைவிடக் குறைவாகவே தேடப்படுகின்றன என்பது இவ்வாசிப்பின் அடிப்படை. 63-உம் 114-உம் இரண்டின் அடுக்குகள் அல்ல என்பதை நான் இதனுடன் சேர்த்து நோக்குகிறேன். 64, 128 என்று பகுக்கப்பட்ட முகவரிகளில் சிலவற்றுக்கு ஆள் இல்லாமற் போவது இயல்பே.

இந்தப் பட்டைகள் எப்போது மங்குகின்றன என்பதே நம் வழக்குக்கு முக்கியம். 2020 மே 11-இல் அகழ்வோருக்கான கொடை 12.5-இலிருந்து 6.25 பிட்கொயினாகப் பாதியாகியது. 5 சதக் கணக்கின்படி எஸ்9 அந்த நாளோடு மறைந்திருக்க வேண்டும். பட்டைகள் மங்கின, ஆனால் அற்றுப்போகவில்லை. சாசனத்தில் ஒரு மரணத் திகதி இல்லை, ஒரு நீண்ட தேய்வே இருக்கிறது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, பட்டை சிப்பின் குலத்தைத்தான் காட்டும், தனிப் பொறியைக் காட்டாது. எஸ்9ஐ, எஸ்9ஜே, டி9+ ஆகியவையும் அதே பிஎம்1387 சிப்பைக் கொண்டவை. ஆகவே 2020-இல் தெரியும் தடம் 2016-இல் வாங்கிய பொறியின் தடம் என்று சொல்ல முடியாது. இதை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் எஸ்9ஜே 2018-இல் வந்த பொறி. அந்த ஆண்டின் இறுதியில் வாங்கியதாகக் கொண்டாலும் 1.29 ஆண்டு 2020 ஏப்ரலுக்குள் முடிந்துவிடும். இரண்டாவது மறுப்பு வலுவானது: சராசரியைத் தாண்டிச் சில பொறிகள் வாழ்வது சராசரியைப் பொய்யாக்காது. உண்மைதான். பட்டைகள் 1.29 என்ற எண்ணை நேரடியாக உடைக்கவில்லை. அவை உடைப்பது அதன் அடியிலுள்ள கருத்தை, அதாவது வருமானம் மின்செலவுக்குச் சமமாகும் இலாபக்கோட்டுக்குக் கீழே இறங்கிய கணத்தில் பொறி குப்பையாகிறது என்பதை.

அந்தக் கருத்துக்கு மேலும் கடுமையான சோதனை 2021-இல் வந்தது. சீனா அகழ்தலைத் தடைசெய்தபின் ஜூலை 3-இல் கடினநிலை ஏறக்குறைய 28 விழுக்காடு இறங்கியது; வரலாற்றில் அவ்வளவு பெரிய ஒற்றை இறக்கம் முன்பு இல்லை. கடினநிலை இறங்கினால், இலாபக்கோட்டுக்குக் கீழே கிடந்த பொறி எதுவும் தொடப்படாமலே மேலே வந்துவிடுகிறது. இறந்ததாகக் கணிக்கப்பட்டது மீண்டும் எழக்கூடுமானால், அக்கணிப்பு இறப்பைப் பற்றியதாக இருக்க முடியாது.

பழுதுபார்ப்பவரின் மேசை இன்னொரு திசையைக் காட்டுகிறது. எஸ்9 பலகையில் 63 சிப்புகளும் மும்மூன்றாக 21 தொகுதிகளில், ஒன்றன்பின் ஒன்றாக மின்னழுத்தத்தைப் பகிர்கின்றன. ஒரு சிப்பு நின்றால் சங்கிலி முழுவதும் நிற்கும். திருத்துபவர் தொகுதி தொகுதியாக மின்னழுத்தம் பார்க்கிறார். சைகை எங்கே அறுகிறது என்று தேடுகிறார். அந்த ஒரு சிப்பைச் சூடுகாற்றால் எடுத்து மாற்றுகிறார். பிராயின்ஸ் நிறுவனம் 2018-இல் திறந்த மூலநிரலாக வெளியிட்ட இயங்குதளம் வந்தபின், அதே பொறியைக் குறைந்த அதிர்வெண்ணிலும் குறைந்த மின்னழுத்தத்திலும் ஓட்டி, ஒரு டெராஹாஷுக்கான செலவைக் குறைக்க முடிந்தது. இதற்கு நேர்மாறாக 2019-இல் வந்த எஸ்17 வகை, எஸ்9-ஐவிடத் திறன் மிகக் கூடியது. ஆனால் அதன் வெப்பத்தகடுகள் கழன்று விழுந்து பலகைகள் பெருமளவில் பழுதாயின. திறன் கூடியது முதலில் வீழ்ந்தது, திறன் குறைந்தது நின்றது. எஸ்17-இன் பிஎம்1397 சிப்புகளை உயிரற்ற பலகைகளிலிருந்து கழற்றியே பிட்அக்ஸ் என்னும் திறந்த வடிவமைப்புச் சிறுபொறியின் தொடக்க வகைகள் கட்டப்பட்டன. எஸ்9-இன் கட்டுப்பாட்டுப் பலகையிலுள்ள ஸிங்க் (Zynq) சிப்பு இன்று மாணவர்களின் பயிற்சிப் பலகையாகிறது. 'வேறு வேலைக்கு ஆகாது' என்ற முற்கோள் அகழ்சிப்புக்குப் பொருந்தும். பொறி முழுவதற்கும் பொருந்தாது.

இனித் தீவகத்துக்கு வருகிறேன். 1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியபோது குடாநாட்டில் மின்சாரம் அற்றது. பெற்றோல், டீசல், பற்றரி உள்ளிட்டவை தடைப்பட்டியலில் சேர்ந்தன. ஊர்காவற்றுறை உள்ளிட்ட தீவகத்தின் பெரும்பகுதி 1991 இறுதியில் இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. வேலணை, புங்குடுதீவு மக்களில் பெருந்தொகையினர் குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்தனர். ஆகவே பொருளாதாரத் தடைக்காலத்தில் கராஜ்களில் பழைய பொறிகளை ஓடவைத்த அனுபவம் தீவாருக்கும் உரியது, ஆனால் பெரும்பாலும் தீவுக்கு வெளியே. இந்த எல்லையை மறைத்து வாதிடுவது நேர்மையாகாது.

அந்த ஆண்டுகளில் வீதியில் ஓடியவை ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள். சிறு போத்தலிலிருந்து துளித்துளியாகப் பெற்றோல் கொடுத்து எஞ்சினை உயிர்ப்பிப்பார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தோட்டத்து இறைப்பு மெசின்களில் முன்பே பழகிய முறைதான் அது. காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஏறியது. முதலில் அதைச் செய்த கராஜ் எது, 1990-இலா 1991-இலா என்று திட்டமாகச் சொல்ல இடமில்லை. பல இடங்களில் ஒரே வேளையில் தோன்றியிருக்கலாம் என்றே கொள்கிறேன். சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி ரேடியோ கேட்டதும் இதே காலம்.

என் வாதத்தின் மையம் இங்கேதான். பழைய எஞ்சினின் அமுக்க விகிதம் தாழ்ந்தது. ஆகவே தரங்குறைந்த எரிபொருளை அது தட்டாமல் எரித்தது. புதிய உயர் அமுக்க எஞ்சினால் அது இயலாது. பொறியியற் கணக்கில் பின்தங்கியது எதுவோ அதுவே தடைக்காலத்தில் தகுதி பெற்றது. இது நட்டமில்லாமல் நடக்கவும் இல்லை: மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்தது, பிளக்கில் கரி படிந்தது, அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. ஆயுளை நீட்டியது எஞ்சின் மட்டுமன்று. அந்தக் கழற்றலைச் செய்த கைகளும்தான். நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடிய குமுதினிப் படகு, அதன் பயணிகள் 1985 மே 15-இல் படுகொலை செய்யப்பட்ட பின்னரும் பழுதுபார்க்கப்பட்டுச் சேவைக்குத் திரும்பியது. மாற்றுப் படகு இல்லாத தீவில் ஒரு கலத்தின் ஆயுளை இலாபக்கோடு தீர்மானிப்பதில்லை.

காரும் அகழ்பொறியும் வெவ்வேறு பண்டங்கள். ஒன்று தேவைக்காக ஓடியது, மற்றது வருமானத்துக்காக ஓடுகிறது. இந்த இடைவெளி என் ஒப்பீட்டின் மெல்லிய இடம், ஆகவே அழுத்திச் சொல்கிறேன்: இரண்டிலும் பொறியைக் காலங்கடந்ததாக்குவது அதன் உட்தேய்வு அன்று, எரிபொருளின் விலை, உதிரிப்பாகத்தின் வரத்து, திருத்தத் தெரிந்த கை ஆகிய மூன்றின் சேர்க்கை. டி வ்ரீஸும் ஸ்டோலும் முதலாவதை மட்டும் எடுத்தனர். அதையும் ஒரே விலையில் நிறுத்தினர்.

இதிலிருந்து தீவுகளில் பழைய அகழ்பொறிகளை ஓட்டலாம் என்ற முடிவுக்கு யாரும் வரக்கூடாது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமாக இந்திய உதவியில் அமைய 2024 மார்ச்சில் ஒப்பந்தமான கலப்பு மின்திட்டத்தில் காற்று 530 கிலோவாற், சூரியஒளி 1,700 கிலோவாற், பற்றரிச் சேமிப்பு 2,400 கிலோவாற்-மணி. எஸ்9 பொறிகள் 76 ஒரு நாள் ஓடினால் மூன்று தீவுகளின் சேமிப்பும் தீர்ந்துவிடும். மீன் பழுதாகாமல் காக்கும் பனிக்கட்டிக்கும் குடிநீருக்கும் மின்சாரம் வேண்டிய இடத்தில் அதற்கு நியாயமில்லை. கடற்காற்றின் உப்பும் திறந்த பலகைகளை விரைவில் அரிக்கும். என் மூன்று காரணிகளில் முதலாவது இங்கே பழைய பொறிக்கு எதிராகவே நிற்கிறது. அதை மறைத்தால் என் வாதமும் ஒருபக்கமாகிவிடும்.

எதிர்ப்பக்கத்து எண்களையும் அவ்வாறே சோதிக்க வேண்டும். 2025-இல் கேம்பிரிட்ஜ் மாற்று நிதி மையம், 2024-இன் கழிவை 2.3 கிலோதொன் என்றும், கைவிடப்பட்ட பொறிகளில் 86.9 விழுக்காடு விற்கப்படுகின்றன அல்லது மறுபயன்பாட்டுக்கோ மீள்சுழற்சிக்கோ போகின்றன என்றும் கணித்தது. 30.7-க்கும் 2.3-க்கும் உள்ள தூரம் என் பக்கம் சாய்வதுபோலத் தோன்றும். ஆனால் அது அகழும் நிறுவனங்களே தந்த விடைகளில் நிற்பது. மேலும் 'விற்கப்பட்டது' என்பது இறுதி நிலை அன்று. இன்னொரு நாட்டில் இன்னொருவர் கையில் அந்தப் பொறி ஒருநாள் கழிவாகத்தான் போகும். மறுவிற்பனை கழிவைத் தள்ளிப்போடுகிறது, அழிப்பதில்லை.

அகழ்பொறியின் உண்மையான சராசரி ஆயுள் என்ன என்பதற்கு இக்கட்டுரை வேறோர் எண்ணை முன்வைக்கவில்லை. எஸ்9 பட்டைகள் தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் திட்டமாகக் குறிக்க இயலாது. நாளுக்கு ஏறத்தாழ 144 கட்டங்களே சேரும் சாசனத்தில், தூவலிலிருந்து ஒரு தேய்வைப் பிரித்தறிய ஆயிரக்கணக்கான கட்டங்கள் வேண்டும். செய்யக்கூடியது ஒன்றுண்டு. இனி ஆயுள் கணிப்போர் ஒரே மின்விலையை விட்டு விலைகளின் வரிசை ஒன்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் பொறி நிற்கும் காலத்தைத் தனித்தனியாகக் காட்டி, அவற்றை நொன்ஸ் சாசனத்தின் தேய்வோடு ஒப்பிட வேண்டும். கழிவைப் பற்றிய அவர்களுடைய எச்சரிக்கை அப்போதுதான் உறுதியான நிலத்தில் நிற்கும்.